புனித வெள்ளி பீன்ஸ்

"பீன்ஸ் நடுறதுக்கும் ஒரு யோக்கியதை வேணும், மிஸ் வெல்டா! ஊர் முழுக்க விதை அழுகிப் போச்சு. என்னோடதைப் பாருங்க, கூரையைத் தொடுது!"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முழங்கினார் ஹாலிஸ். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். ஜார்ஜியாவின் அந்தச் சின்ன ஊருக்குக் காலமெல்லாம் ஸ்டாம்ப் ஒட்டியவர். ஊரையே தான்தான் ஒட்ட வைத்திருப்பதாக நினைப்பு.

"காலையிலேர்ந்து அதைத்தானே காட்டிட்டிருக்கீங்க, மிஸ்டர் ஹாலிஸ்" என்றாள் வெல்டா.

"நல்லதை எத்தனை தடவை வேணா பார்க்கலாம்!"

பட்டர் பீன்ஸைப் புனித வெள்ளியன்றுதான் நட வேண்டும் என்பது அவர் குடும்பத்தின் எழுதாத சட்டம். இந்த வருடம் புனித வெள்ளி மார்ச்சிலேயே வந்து தொலைத்தது. மண் ஐஸ் பெட்டி மாதிரிக் கிடந்தது. "கொஞ்சம் சூடு ஏறட்டுமே" என்று சொன்னவர்களை ஹாலிஸ் ஏற இறங்கப் பார்த்தார். சர்ச் வாசலில் நின்றே சபதம் போட்டார்:

"என் பீன்ஸ் முளைக்கலைன்னா, வீட்டைப் பூட்டிட்டு அட்லாண்டாவுக்கு, மக வீட்டுக்கே போயிடறேன்!"

வீம்புக்காகவே சொன்னதைச் செய்கிற மனிதர். அன்றிலிருந்து வெல்டாவுக்குத் தூக்கம் போயிற்று. தெருவில் மற்ற வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. கணவர் போன பிறகு அவள் காதில் விழுகிற ஒரே மனிதக் குரல் இந்தத் தம்பட்டம்தான். போன கிறிஸ்துமஸுக்கு ஹாலிஸ் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் ஃபிரிட்ஜோடு பேசிக்கொண்டிருந்தாள். அது திருப்பி உறுமியதே ஆறுதலாக இருந்தது.

நல்லவேளை, அவர் பாத்தியில் பீன்ஸ் முளைத்தது. கொடி ஏறி, பூத்து, காய்த்துத் தொங்கியது. ஹாலிஸின் தலையும் அதே வேகத்தில் கனத்தது. ஊர்க்காரர்கள் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள்.

ஆகஸ்டில் ஒரு காலை, வாளி நிறையப் பறித்துக்கொண்டு இருவரும் அவர் வீட்டு வராந்தாவில் உரிக்க உட்கார்ந்தார்கள்.

"உங்க பாத்தி ஏன் காலியாக் கிடக்கு?"

"விதையை எலி தின்னுடுச்சு."

"எலிக்குக்கூட உங்க மேல பயமில்லை!" என்று சிரித்தபடி முதல் காயைப் பிளந்தார். சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளே இருந்த பருப்புகளில் திட்டுத் திட்டாகச் சிவப்புப் புள்ளிகள்.

"நான் வெள்ளை விதைதானே போட்டேன்?"

வெல்டா வாளியைக் காலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளினாள். இது தன் பீன்ஸே இல்லை, சபதம் தோற்றுவிட்டது என்று சட்டம் பேசி, இந்த மனிதர் பெட்டியைத் தூக்கினாலும் தூக்குவார்.

"குளிர்ல நிறம் மாறியிருக்கும்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து பாதிரியார் அமோஸ் படியேறி வந்தார். வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன ஹாலிஸ், உங்க பீன்ஸுக்கு அம்மை போட்டிருக்கா?"

ஹாலிஸ் மெதுவாக எழுந்தார். கால்சட்டையின் தோள்வாரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அம்மையா? பிரதர், நீங்களே இப்படிக் கேட்கலாமா? கர்த்தர் ரத்தம் சிந்தின நாள்ல மண்ணுக்குள்ள போன விதை இது. அந்தத் துளிதான் ஒவ்வொண்ணுலயும் விழுந்திருக்கு. மத்த நாள்ல நட்டவங்களுக்குக் கிடைக்குமா?"

பாதிரியார் தொப்பியைக் கழற்றினார். ஒரு கைப்பிடி பருப்பை எடுத்துச் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துக்கு ஆகும்" என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்.

அவர் தெருமுனை திரும்பும் வரை ஹாலிஸ் நின்றுகொண்டே இருந்தார். பிறகு உட்கார்ந்து, ஒரு காயை எடுத்து, அவள் முகத்தைப் பார்க்காமல் உரித்தார். குரல் இறங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் அவள் கேட்டிராத குரல்.

"என் விதை அழுகினதைத் தோண்டிப் பார்த்துட்டு, பெட்டியெல்லாம் கட்டி வெச்சுட்டேன், மிஸ் வெல்டா. அடுத்த வருஷமும் மே மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை உங்களுக்குத் தலைவலி வந்து, சர்ச்சுக்கு வராம என் பாத்தியில விதை ஊனுறதா இருந்தா, தயவுபண்ணி வெள்ளை விதையாப் போடுங்க."