பேசு என்று காட்டும் கை

படத்தில் ஓர் இயந்திரத்துக்குத் தன்னுணர்வு வந்துவிடுகிறது. "என்னை அணைச்சிடாதீங்க" என்று அது விஞ்ஞானியிடம் கெஞ்சுவதுதான் கடைசி வசனம். தமிழ் டப்பிங்கில் அந்தப் பாத்திரத்துக்கு மட்டும் ஆள் வைக்கவில்லை, கணினியே பேசியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் அறை காலியாகக் கிடந்தது. ஆனாலும் டப்பிங் இயக்குநர் குணவதியின் கை சும்மா இருக்கவில்லை. நடிகர்களுக்கு 'பேசு' என்று காட்டிப் பழகிய கை, ஒவ்வொரு வசனத்துக்கும் உயர்ந்து இறங்கியது.

"மெஷினுக்கு எதுக்கு மேடம் கை காட்டுறீங்க?" என்று சிரித்தார் ஒலிப்பதிவாளர் தஸ்தகீர்.

கடைசி வசனமும் முடிந்தது. "உயிரே இல்ல. மெஷின்தானே, போதும். முடிச்சுக்கலாம், பேக்கப்" என்றாள் குணவதி.

படத்தில் விஞ்ஞானி செய்ததைப் போலவே தஸ்தகீரும் கணினியை அணைக்கக் கை நீட்டினார்.

ஸ்பீக்கரில் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. பேசத் தொடங்குமுன் நடிகர்கள் இழுப்பார்களே, அந்த மூச்சு. ஒவ்வொருவர் குரலிலிருந்தும் தஸ்தகீர் தினமும் வெட்டி எறிகிற மூச்சு.

"மேடம், இதுக்கு இன்னும் வசனம் இருக்கா?"

"இல்லையே."

இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. உள்ளேயே நின்று காத்திருந்தது.

குணவதியின் கை தானாக உயர்ந்தது.