வெறுந்தொட்டில்

அறைக்கு அறை மாட்யூல் பொருத்தி வெளியே இருக்கும் மீட்டரோடு இணைப்பதுதான் என் வேலை. உள்ளே ஆள் அசைந்தால் மாட்யூல் மீட்டருக்குச் சொல்லும். அசைவில்லையென்றால் மீட்டர் அந்த அறைக்குக் கரண்டை நிறுத்திவிடும்.

செல்லக்கனி அக்கா வீட்டுப் படுக்கையறையில் நாளெல்லாம் ஓயாத அசைவு, போய்ப் பார் என்று ஆபீஸில் அனுப்பினார்கள்.

உள்ளே அவர் கணவர் பக்கவாதத்தில் கிடந்தார். பக்கத்தில் ஒரு சேலைத் தொட்டில் காலியாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் கயிறு அடுக்களை வரை போனது. அக்கா அதைக் கால் விரலில் கட்டி இழுத்தபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வெறுந்தொட்டில ஆட்டக் கூடாதுன்னு சொல்வாங்களேக்கா."

"ஆட்டலன்னா ஃபேன் நின்னுருதேம்மா. அவரு மூச்சு விடுறது அசைவுல சேராதா?"

"சேராதுக்கா."

விதிப்படி, தொட்டில் தெரியாத பக்கமாக மாட்யூலைத் திருப்பிவைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். மறுபடி பைக்குள்ளேயே போட்டேன்.

"கயித்த இங்க குடுங்க. கொஞ்சம் படுங்க."

கட்டிலுக்குக் கீழே தலை சாய்த்தவுடனேயே அக்கா தூங்கிப்போனார். கணவரைப் போல அவரும் அசையவில்லை. இரண்டு பேருக்குமாக நான் இழுத்துக்கொண்டிருந்தேன்.