சட்டியின் அடியில்

தேரிக்காட்டுச் செம்மணலில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய குடியிருப்பைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே மண் சுமந்த பிலோமினாவின் கடற்கரை ஊரைக் கடல் கொண்டு முப்பது வருடமாகிறது.

அன்று ஒரு சட்டி கிடைத்தது. அடியில் கருகிப் படிந்திருந்ததில் பாதியைச் சுரண்டி, ஆய்வாளர் நன்முல்லை, எரித்து வாசத்தை மீட்கும் வாசக்கருவியில் வைத்தார். கூடாரம் முழுக்கப் பழைய சமையலின் வாசம் எழுந்தது. பிலோமினா கூடையைக் கீழே போட்டாள்.

“கருவாடும் பனங்கிழங்கும்! எங்கம்ம வச்ச குழம்புல்லா இது!”

“இந்த மணல்காட்டுக்குக் கருவாடு எப்படி வந்துச்சு?”

“எங்க பக்கத்துப் பொண்ணு யாராச்சும் இங்க வாக்கப்பட்டு வந்திருப்பா, மேடம்.”

நன்முல்லை அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதினார். சட்டியில் இருந்த மீதிப் பாதி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியது. கருவியில் வைத்தால் எரிந்து தீர்ந்துவிடும்.

“அம்ம சாகும்போது தம்பிக்கு ஏழு வயசு, மேடம். அவ முகங்கூட அவனுக்கு நெனப்பில்ல. ஒருவாட்டி மோந்து பாக்கட்டுமே.”

மறுநாள் மதியம் சென்னையிலிருந்து தம்பி சில்வெஸ்டர் வந்தான். நன்முல்லை வெகுநேரம் தயங்கிவிட்டு, மீதியையும் கருவியில் வைத்தார்.

அவன் கண்ணை மூடி மூச்சை இழுத்தான். சிரிப்பு வந்தது, கன்னம் நனைந்தது.

“அக்கா, அம்ம இன்னைக்கும் அடிபிடிக்க விட்டுட்டா.”