இலவச மான்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் பாஸ்கரன் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் க்ரூகருக்கு வேட்டைதான் பொழுதுபோக்கு. சனிக்கிழமை காலை அவர் காரின் டிக்கியைத் திறந்து காட்டினார். உள்ளே முழு மான்.

"உங்களுக்குத்தான். காசு வேண்டாம்."

பாஸ்கரன் நெகிழ்ந்துபோனார்.

இறைச்சிக்கடைக்காரர் நெகிழவில்லை.

"தோல் உரிக்க நாற்பது, எலும்பு எடுத்து வெட்ட அறுபது, பொதி செய்ய இருபத்தைந்து. மொத்தம் நூற்று இருபத்தைந்து யூரோ."

"இந்தக் காசுக்கு ஒரு மாசம் கோழி வாங்கியிருக்கலாம்" என்று முணுமுணுத்தபடியே பாஸ்கரன் காசைக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி பாமா பொதிகளைப் பிரித்தாள்.

"தந்த மனுசனுக்குக் குடுக்காமல் நாங்கள் எப்பிடிச் சாப்பிடுறது? தொடை இறைச்சி முழுக்க அவருக்குக் கொண்டுபோய்க் குடுங்கோ."

"முழுக்கவோ? அதுதானே நல்ல இறைச்சி!"

"பின்னை, விலாவையும் கழுத்தையுமோ குடுக்கிறது? வெக்கக்கேடு."

பாஸ்கரன் பொதிகளைச் சுமந்துகொண்டு போனார். க்ரூகர் மறுப்பேதும் சொல்லாமல் வாங்கி, ஃப்ரீஸரைத் திறந்தார். நடுத்தட்டு காலியாக, துடைத்துத் தயாராக இருந்தது.

பாஸ்கரன் மெல்லக் கேட்டார்: "மேல்மாடி ம்யூலருக்கும் மான் கொடுப்பீர்களா?"

"இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தேன்" என்று க்ரூகர் அலுத்துக்கொண்டார். "அந்த ஆள் நன்றி மட்டும்தான் சொன்னார். உங்கள் வீட்டில் முன்பு இருந்த தமிழர் ஒவ்வொரு முறையும் தொடை கொண்டுவருவார்."

ஃப்ரீஸரை மூடிவிட்டு அக்கறையோடு விசாரித்தார்:

"வெட்டுக்கூலி இன்னமும் நூற்று இருபத்தைந்துதானா?"