நாலாவது கரி

சாமிக்கென்று இறக்கிய முடியை வசந்த் அள்ளி, பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். பூசாரி பார்க்கவில்லை. சாமி பார்த்திருக்கலாம், ஆனால் ஆலங்காயத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்தக் குலசாமி, வாயைத் திறக்கிற ரகம் இல்லை.

பார்த்துவிட்டவள் அவன் மனைவி ஷர்மிளா. அவள் மடியில் பதினொரு மாதக் குழந்தை, புது மொட்டையும் சந்தனமுமாக வீறிட்டுக்கொண்டிருந்தது.

"இன்னாங்க பண்றீங்க? அது பாலாத்துல விடற முடி."

"பாலாத்துல தண்ணி எங்க இருக்குது? மணல் அள்றவன் லாரியில ஏத்திட்டுப் போவான்."

"சாமி குத்தம் ஆயிடும்."

"எங்க காலேஜு சார் சொல்ற குத்தத்துக்கு சாமி எவ்வளவோ தேவலாம்."

அழுகிற குழந்தைக்கு யாரோ கடைத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். ஷர்மிளா அதைத் தள்ளிவிட்டு, ஆம்பூரிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைப் புகட்டினாள். "எங்க வீட்டு போர் தண்ணிதான், காய்ச்சினது. கடைத் தண்ணி ஒரு சொட்டு உள்ள போனதில்ல" என்றாள் பெருமையாக.

வசந்துக்கு அந்த முடி நாலு வருஷப் படிப்பு. தலைமுடியைக் காற்று புகாத உலையில் சுட்டால், கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிறைந்த கரி கிடைக்கும். முடியிலேயே நைட்ரஜன் இருப்பதால், தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீரில் இருக்கிற குரோமிய நஞ்சை அந்தக் கரி கப்பென்று பிடித்துக்கொள்ளும். இதை நிரூபித்தால் டாக்டர் பட்டம்.

கரி பிடித்ததோ இல்லையோ, கக்கியது. ஆம்பூர் சலூன்களில் பெருக்கிய முடியில் மூன்று தடவை கரி செய்தான். மூன்றையும் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்தால், அந்தத் தண்ணீரில் குரோமியம் வந்து நின்றது.

"இது தண்ணிய சுத்தம் பண்ற கரியா, தண்ணிக்கு குரோமியம் சப்ளை பண்ற கரியாய்யா?" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர் பிரேம்நாத். "சலூனுக்கு வர்றவன் பாதிப்பேரு டேனரியில வேலை செய்றவன். தலையெல்லாம் அந்தத் தூசிதான். டேனரி வாசலையே மிதிக்காத தலையாப் பாத்துக் கொண்டா. நாலாவதும் கக்கிச்சுன்னா தலைப்ப மாத்திட்டு முதல்ல இருந்து ஆரம்பி."

அப்படி ஒரு தலை வசந்த் வீட்டிலேயே இருந்தது. வாசலை மிதிப்பதென்ன, அதற்கு இன்னும் நடக்கவே வரவில்லை.

முடியைத் தானே அமிலத்தில் அலசினான். தானே சுட்டான். டப்பாவில் பெயர் எழுதக்கூடாது என்பது ஆய்வக வழக்கம். 'கைக்குழந்தை, முதல் மொட்டை' என்று மட்டும் எழுதி ஒட்டினான்.

மூன்றாம் நாள் காலை, வேலூர் ஆய்வகத்தில் கருவியைப் பார்த்துக்கொள்ளும் ஹுமேரா தாளோடு வந்தாள்.

"சார், முன்ன வந்த மூணையும் விட இதுல குரோமியம் ஜாஸ்தி."

"மெஷின் பேஜார் பண்ணுது. திரும்பப் போடு."

"மூணு வாட்டி போட்டுட்டேன் சார். அதே நம்பர்தான்."

"உலை புதுசு, டப்பா புதுசு. அப்புறம் தூசி எங்கேர்ந்து வரும்?"

"தூசி இல்ல சார். தூசின்னா அலசும்போதே போயிருக்கும். இது முடிக்குள்ள இருக்குது. குடிக்கிற தண்ணியில போயி, ரத்தத்துல ஏறி, முடியா வளந்திருக்குது."

வசந்த் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "போச்சு. நாலு வருஷம் போச்சு."

ஹுமேரா டப்பாவின் மேல் ஒட்டியிருந்த சீட்டை இன்னொரு தடவை படித்தாள்.

"அது கெடக்கட்டும் சார். பாவம், இந்தக் கொழந்தயப் பெத்தவங்களுக்கு யாரு போய் சொல்றது?"