எரிகிற கிறீம்

"ஒரு பொட்டுக்கூடத் தரேலாது அழகம்மா. சட்டம் எண்டா சட்டம்!"

விவேகானந்தன் தன் கிறீம் டியூப்பைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். காணிக் கந்தோரில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டம் இன்னும் ஓய்வு பெறவில்லை.

சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், கால் நரம்பு வலிக்கிறவர்களுக்கு, கண்டியில் அவர்கள் காத்திருந்த அந்தக் கிளினிக்கில் ஒரு பரிசோதனை. பாதிப் பேருக்குக் கொச்சிக்காயின், அதாவது மிளகாயின், சாறு கலந்த கிறீம். மீதிப் பேருக்கு வெறும் கிறீம். டியூப் எல்லாம் ஒரே மாதிரி. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

விவேகானந்தனுக்குத் தெரிந்துவிட்டது. பூசிய கையால் இடக்கண்ணைத் தேய்த்துவிட்டு, சற்று முன்புதான் குழாயடிக்கு ஓடிப்போய்க் கண்ணீரும் தண்ணீருமாகத் திரும்பியிருந்தார்.

"எனக்கு அசல் சாமான்! கால் நோ பாதி குறைஞ்சிட்டுது. உங்களுக்கு?"

"தயிர் பூசின மாதிரி இருக்குங்கய்யா. ராவெல்லாம் காலுக்குள்ள ஊசி குத்துது. மலையில நின்னு கொழுந்து எடுக்க முடியல. இப்படியே போனா தோட்டத்துல பேர வெட்டிருவாங்க."

"அதுக்கு நான் என்ன செய்யிறது?"

"கொச்சிக்காய விடக் காரமான மனுசன்" என்று எதிர்க் கதிரையில் இருந்த பெண் முணுமுணுத்தாள்.

தாதி பெயரைக் கூப்பிட்டாள். அழகம்மா தன் டியூப்பைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்தாள்.

"என் பையக் கொஞ்சம் பாத்துக்குங்கய்யா."

"வையுங்கோ. பாக்கிறதுக்குச் சட்டத்தில தடையில்லை."

அடுத்த மாதம் அழகம்மா நொண்டாமல் வந்தாள். விவேகானந்தன்தான் காலை இழுத்து இழுத்து வந்தார். பஸ்ஸில் யாரோ மிதித்துவிட்டார்களாம்.

"என் டியூப்புக்கும் உயிர் வந்திருச்சுங்கய்யா! அன்னைக்கு வீட்டுக்குப் போய்ப் பூசினேன், அப்படி ஒரு எரிச்சல்! இப்ப நல்லாத் தூங்குறேன்."

"உங்கட உடம்பு மந்தம். எனக்கு முதல் நாளே எரிஞ்சது. இப்பவும் எரியுது, பாருங்கோ!"

வீறாப்பாகக் கிறீமை எடுத்துக் காலில் தேய்த்தார். பிறகு மறதியில், அதே விரலால் வலக்கண்ணைக் கசக்கினார்.

"ஐயோ, கண்ணு!" அழகம்மா பதறி எழுந்தாள்.

அந்தக் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. சிவக்கக்கூட இல்லை.

அழகம்மா தன் பையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. "ஆ, எரியுது, எரியுது!" என்று குழாயடிக்கு ஓடி, இடக்கண்ணை அள்ளி அள்ளிக் கழுவினார்.

பின்னாலேயே போன அழகம்மா, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னாள்:

"அந்தக் கண்ணு இல்லைங்கய்யா. மத்தது."