மூணாவது டிவி

"இன்னாங்க சம்பந்தி, பந்தியில உக்கார வெச்சுட்டு அணைஞ்ச டிவியக் காட்டறீங்க? தாலி கட்டறத சாம்பார் வாளியிலயா பாக்கறது?"

மாப்பிள்ளையின் தாய்மாமன் தங்கவேல் கேட்ட கேள்வியில் மணவாளனுக்குச் சுர்ரென்று ஏறியது. தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் மேடையை விட்டு இறங்கியிருந்தார்.

செத்துப்போன தம்பியின் மகள் வெண்ணிலாவுக்குக் கல்யாணம். பெரியப்பாவாக நின்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறவர் அவர்தான். மதகடிப்பட்டில் பெரிய மண்டபம், மேடையில் ஒரு டிவி, டைனிங் ஹாலில் ஒரு டிவி. ஊர் வாயில் விழக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தால், ஒரு வீடியோக்காரன் வந்து மானத்தை வாங்குகிறான்.

மேடைக்கு எதிரே கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த வீடியோக்காரன் ஹசன் முன்னால் போய் நின்றார்.

"இன்னாப்பா, டைனிங் ஹால்ல படம் வரலியாம்?"

"ஒயர்ல ஏதோ கோளாறு சார். பாக்கறேன்."

"எப்ப பாப்ப? மூணு முடிச்சும் வுழுந்தப்புறமா?"

ஹசன் தலையைக் குனிந்துகொண்டு எதையோ தட்டினான். எழுந்திருக்கக் கூட இல்லை. அந்த அலட்சியம்தான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேல டிரோன் வுடத் தெரியுது, கீழ ஒரு டிவி ஓட்டத் தெரியல. கூரை ஏறிக் கோழி புடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். டேய் மணிபாரதி, இங்க வாடா."

மணிபாரதி அவர் மகன். மூலக்குளத்தில் கம்ப்யூட்டர் கடையில் வேலை. வந்த வேகத்தில் ஹசனின் கையைத் தள்ளிவிட்டு ரெண்டு பட்டனை அமுக்கினான்.

மேடை டிவியில் அய்யர் மறைந்து, ஹசன் கம்ப்யூட்டரில் முகப்புப் படமாக வைத்திருந்த அவன் வீட்டு ஆட்டுக்குட்டி வந்து நின்றது. மண்டபமே சிரித்தது.

"மாத்தாதீங்க தம்பி, மாத்தாதீங்க." ஹசன் கீபோர்டைப் பிடுங்கி அய்யரைத் திரும்பக் கொண்டுவந்தான். அவ்வளவு நேரம் அசையாதவனுக்கு இப்போது வேர்த்துவிட்டது.

மணிபாரதி திரையைக் குனிந்து பார்த்தான்.

"அப்பா, இதுல மொத்தம் மூணு டிவி காட்டுது. ஒன்னு இவரு மேஜையில இருக்கறது. ரெண்டாவது மேடையில இருக்கறது. மூணாவதும் நல்லாத்தான் ஓடுது."

"ஓடுதா? எங்கடா ஓடுது, உன் மாமனார் வூட்லயா?"

"அதான்பா தெரியல. டைனிங் ஹால்ல ஓடல. ஆனா எங்கயோ ஓடுது."

மணவாளன் ஹசன் பக்கம் திரும்பினார். "சொல்லுய்யா. எங்க வூட்டுக் கல்யாணத்த எவனுக்குப் படம் காட்டிக்கினு இருக்க? எவங்கிட்ட கை நீட்டுன?"

ஹசன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"தாலி கட்டி முடியற வரைக்கும் பொறுத்துக்குங்க சார். அப்புறம் என்னைய இன்னா வேணா பண்ணுங்க."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். செய்வதையும் செய்துவிட்டு, பொறுத்துக்கொள்ள வேறு சொல்கிறான். இவனை இன்றைக்கு நாலு பேர் முன்னால் கையும் களவுமாகப் பிடிக்காவிட்டால் தன் பேர் மணவாளன் இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டார்.

மேஜைக்குக் கீழே இருந்து கிளம்பிய கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

"பெரியப்பா எங்க போறார்? முகூர்த்த நேரம், மேடைக்கு வரச் சொல்லுங்கோ" என்று அய்யர் மைக்கில் கூப்பிட்டார்.

"தோ வரேன் சாமி" என்றாரே தவிர, அவர் நிற்கவில்லை.

"சார், அங்க போவாதீங்க சார்." ஹசன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"ஏன், குட்டு வெளிப்பட்டுடுமா?"

சுவரோரமாகப் போன ஒயர், டைனிங் ஹாலுக்கு வலது பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அது இடது பக்கம் திரும்பி, சமையல்கட்டைத் தாண்டி, சாமான் போட்டு வைக்கிற அறைக் கதவுக்கு அடியில் நுழைந்திருந்தது. கதவு சாத்தியிருந்தது.

உள்ளே எவன் இருந்தாலும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவது என்று காலால் ஓர் உதை விட்டார். மேடையில் கெட்டிமேளம் முழங்கியது.

காய்கறி மூட்டைகளுக்கு நடுவே கவிழ்த்துப் போட்ட அண்டா. அதன்மேல் ஹசனின் சின்ன டிவி. அதில் வெண்ணிலா தலை குனிந்திருக்க, மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருந்தான்.

டிவிக்கு முன்னால் ஜெயா நின்றுகொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டி. வெண்ணிலாவைப் பெற்றவள். "தாலியறுத்தவ மணவறைப் பக்கம் வராத, நல்ல காரியம் நடக்கற எடம்" என்று காலையில் அவளை இந்த அறைக்கு அனுப்பியவர் மணவாளன்தான்.

அவள் கைநிறைய அட்சதையை அள்ளி அள்ளி மகள் தலையைப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அரிசி கண்ணாடியில் பட்டுத் தரையில் கொட்டியது.

மணவாளனைப் பார்த்ததும் பதறிப்போய்ச் சுவரோடு சுவராக ஒதுங்கினாள்.

"நான் வெளிய வரல மாமா. நீங்க சொன்ன எடத்துலயேதான் நிக்கறேன்."